மானுக்குப் போட்ட வயல்

நேற்றுக் காலை பக்கத்து வீட்டுப் பிரெஞ்சு மதாம் எங்கள் இருவருக்கும் பொதுவான வேலியில் ஒரு பழைய நைலோன் காலுறையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். மொன்றியல் ஓரத்துப் பியர்பொன்ட்ஸில் இந்த வருடம் மான்கள் ஆற்றங்கரைக் காட்டைவிட்டு வீட்டுத் தோட்டங்களுக்கே வரத் தொடங்கிவிட்டன. வசந்தத்தில் அவளுடைய ரியூலிப் பூக்களை மொட்டையடித்தன. இப்போது என் போஞ்சிக் கொடியில் வாய் வைத்திருக்கின்றன. காலுறைக்குள் என்ன என்று கேட்டேன்.

"தலைமயிர். சலூனில் கேட்டு வாங்கினேன். மனித வாடை இருந்தால் மான் கிட்ட வராதாம். உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அவள் உள்ளே போனபிறகு கிட்டப் போய் மணந்து பார்த்தேன். மேலே ஷாம்பு வாசம். அதற்கு அடியில், வெட்டிப் பையில் கட்டிவைத்த மயிருக்கே உரிய அந்தப் புழுங்கல் மணம். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மச்சான், நீ செத்து நாற்பது நாள் ஆகிறது. உன் சவப்பெட்டியடியில் நின்றபோது வராத அழுகை, யாரோ ஒருத்தியின் காலுறையைப் பார்த்து வந்தது. நீ கண்டிருந்தால் சிரித்திருப்பாய். நல்ல சிரிப்பாக இருந்திருக்காது.

உனக்கு நான் ஒரு வரியும் எழுதியதில்லை. இத்தனை வருடம் நீ லவாலில் இருந்தாய், நான் இங்கே இருந்தேன். இடையில் ஒரு ஆறும் இரண்டு பஸ்ஸும்தான். எழுத வேண்டிய கடிதம் ஒன்று இருந்தது, அது உனக்கும் தெரியும். அதை எழுதாமலிருக்க ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தேன். இப்போது காரணமும் தீர்ந்துவிட்டது, படிக்க நீயும் இல்லை. என்னைப்போன்ற கோழைக்கு இதைவிட வசதி வராது, அதனால் எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கோட்-டெ-நேஜில் நாங்கள் இருந்த அந்த "மூன்றரை" வீட்டை நினைத்துப் பார். அந்த அரை என்பது குளியலறை என்று தெரிய எங்களுக்கு ஒரு மாதம் சென்றது. ஏழு ஆம்பிளைகள். ஆறு பேர் யாழ்ப்பாணம், நீ ஒருத்தன் மட்டும் மட்டக்களப்பு. மட்டக்களப்பான் மந்திரக்காரன் என்ற பழைய கேலியில், நீ பாயை விரிக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தன், "டேய், கவனம், பாயோட ஒட்ட வைச்சிடுவான்" என்று தொடங்குவான். மற்றவர்கள் சிரிப்போம். நானும்தான், எல்லாரையும்விடச் சத்தமாக. நீ திரும்பியும் பார்க்காமல், "உங்கள ஒட்டவச்சு நான் என்னத்தக் காணுற? சோறுதான் கூடக் காய்ச்சணும்" என்பாய். உன் வாய்க்கு நாங்கள் ஆறு பேரும் போதாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குசினித் தரையில் பேப்பரை விரித்து எங்கள் எல்லாருக்கும் நீதான் தலைமயிர் வெட்டுவாய். முடிந்ததும் மயிரைக் கூட்டி அள்ளி ஒரு பையில் போட்டுக் கட்டிவைப்பாய். என்னத்துக்கு என்று கேட்டால், "கிடக்கட்டும் கா, வயல்காரன் ஒண்டையும் எறியமாட்டான்" என்பாய். ஐந்தாம் மாடியில் வயல்காரனாம் என்று அதற்கும் சிரித்தோம்.

வயல் உண்மையாகவே கிடைத்தது. தேவாலயத்தின் நிலவறையில் பழைய குளிர்கோட்டுகள் கொடுக்குமிடத்தில், பிறகு எங்கள் முதலாளியானவரை நீயும் நானும் சந்தித்தோம். தெற்கே, அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, அவருக்கு வேட்டைக்காணி ஒன்று இருந்தது. பெரிய காடு, நடுவில் ஒரு வெட்டை, மரக்குற்றிகளால் கட்டிய ஒரு வீடு. அந்த வெட்டையை உழுது விதைத்துப் பார்த்துக்கொள்ள, அங்கேயே தங்கக்கூடிய இரண்டு பேர் வேண்டும் என்றார். நான் குருமடத்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு ஓடிவந்தவன். அங்கே ஒரு கிழட்டுச் சுவாமியார் காதைத் திருகிப் பழக்கிய பிரெஞ்சு என்னிடம் கொஞ்சம் இருந்தது. தொழில் ஒன்றும் தெரியாது. உனக்குத் தொழில் தெரியும், பாஷை தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு வேலையாள் தேறுவான் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

எங்கள் அகதி வழக்கு அப்போது இழுபட்டுக்கொண்டிருந்தது. ஒழுங்காக வேலை செய்கிறவன் என்று ஒரு முதலாளி எழுதிக் கொடுத்தால் விசாரணைக்கு அது பெரிய பலம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். கார்த்திகையில் வேட்டைப் பருவம் முடிந்ததும் இருவருக்கும் கடிதம் தருவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார். உனக்கு அந்தக் கடிதம் என்றால், ஊரில் படுவான்கரையில் விட்டுவந்த மனைவியும் மூன்று வயது மகளும் இங்கே வந்துசேரும் வழி. எனக்கு அது என் ஒருத்தனுடைய காரியம். எனக்காகக் காத்திருக்க ஒருவரும் இருக்கவில்லை. இதை இங்கேயே எழுதி வைக்கிறேன், பிறகு மழுப்பிவிடுவேன்.

நீ அந்த மண்ணை முதல்முதலாக அள்ளி உருட்டிப் பார்த்தது நினைவிருக்கிறது. "புளிச்ச மண் மச்சான். சுண்ணாம்பு போடாம இதுல புல்லும் வராது" என்றாய். முதலாளி ஏற்கெனவே சுண்ணாம்பு மூட்டைகள் இறக்கி வைத்திருந்தார். நான் மொழிபெயர்த்ததும் உன்னை ஒருமாதிரிப் பார்த்தார், அன்றிலிருந்து உன்னிடம்தான் கேட்டார். குளோவர் என்ற பூண்டின் விதை தூசிபோலச் சின்னது. அதை எள்ளு விதைப்பதுபோல மணலோடு கலந்து வீசினாய். ஓட்ஸ் போட்டோம். ஆவணியில் டேர்னிப் கிழங்கு போட்டோம். முளைத்துவந்தபோது ஒரு இடமும் சொட்டை இல்லை. நான் முதுகுவலியில் முனகிக்கொண்டு கிடப்பேன், நீ வரம்பே இல்லாத அந்த வயலைச் சுற்றி நடந்துகொண்டிருப்பாய். அந்தக் கோடை முழுதும் நீ சந்தோஷமாக இருந்தாய். அதைக் கண்டு எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

பிறகு மான் அடிகள் தெரிய ஆரம்பித்தன. ஒரு காலை எழும்பிப் பார்த்தால் டேர்னிப் இலையில் ஒரு மூலை காணாமல் போயிருந்தது. நீ தூஷணத்தால் தொடங்கினாய். அன்று முழுதும் வேறு வேலை இல்லை. இரண்டு தடியைக் குறுக்கே கட்டி, தேவாலயத்தில் வாங்கிய உன் குளிர்கோட்டைப் போட்டு, பிளாஸ்ரிக் வாளியைத் தலையாகக் கவிழ்த்து, சுண்ணாம்பால் கண்ணும் பல்லும் வைத்து அருமையான ஒரு வெருளி செய்தாய். கோட்-டெ-நேஜிலிருந்து கொண்டுவந்த மயிர்ப்பையை அவிழ்த்து, துணித்துண்டுகளில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, வயலைச் சுற்றிக் கம்புகளில் தொங்கவிட்டாய்.

"மனுசத் தலைமயிர் மணத்தா பண்டியும் வராது, மானும் வராது. எங்கட சேனைப் பயிருக்கு இதுதான் காவல்" என்றாய்.

நானும் உதவிதான் செய்தேன். வயல் என்று ஒன்று இருந்தால் அதை மிருகத்திடமிருந்து காப்பது வயல்காரன் கடமை. இதில் யாரிடம் என்ன கேட்க இருக்கிறது? சனிக்கிழமை முதலாளி பார்த்து மெச்சிக்கொள்வார் என்று இருவரும் காத்திருந்தோம்.

முதலாளி இரண்டு வேட்டைக்காரக் கூட்டாளிகளோடு வந்திறங்கினார். வெருளியைப் பார்த்தார். பொட்டலங்களைப் பார்த்தார், ஒன்றை அவிழ்த்தும் பார்த்தார். அப்புறம் மூன்று பேரும் புல்லில் உட்கார்ந்து சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். நீயும் முகத்தை மலர்த்திக்கொண்டு நின்றாய், அவர்கள் மெச்சுகிறார்கள் என்று நினைத்து. முதலாளி எனக்கு விளக்கினார். நான் உனக்குச் சொன்னேன்.

"மச்சான், இந்த வயல் மானுக்குத்தானாம்."

"மானுக்கா? என்னத்துக்கு?"

"தின்னட்டுமாம். தின்று கொழுத்துப் பயமில்லாமல் பழகட்டுமாம். கார்த்திகையில வந்து சுடுவினமாம்."

காட்டோரத்தில் பெரிய மேப்பிள் மரமொன்றில் ஒரு பரண் இருந்ததே, அதைக் கையால் காட்டினேன். அதை நீ முதல் நாளே கண்டு, "பாத்தியா, இவங்களும் பரண் கட்டித்தான் காவல் காக்கிறாங்க" என்று சொல்லியிருந்தாய். இப்போது அந்தப் பரணையும் வயலையும் மாறிமாறிப் பார்த்தாய்.

"நானும் மான் சுட்டவன்தான். மாமாவோட காட்டுக்குள்ள போய் ரெண்டு நாள் நடந்து தேடிச் சுட்ட. சோத்த வச்சுக் கூப்பிட்டுச் சுடுறதுக்குப் பேர் வேட்டையா மச்சான்?" என்றாய்.

அவன் என்ன சொல்கிறான் என்று முதலாளி கேட்டார். மிகவும் நல்ல யோசனை என்று சொல்கிறான் என்றேன்.

பொட்டலங்களைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றிப் பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்தாய். வெருளியை வீட்டுக்குப் பின்னால் நட்டுத் துவக்குப் பழக இலக்காக வைத்துக்கொண்டார்கள். உன் பெயர் அவர்கள் வாயில் நுழையாது. அதனால் அன்றிலிருந்து வெருளிக்கு அவர்கள் பாஷையில் என்ன சொல்லோ அதுவே உன் பெயர். ஒவ்வொரு சனிக்கிழமையும் உன் கோட்டில் புதிதாக ஓட்டை விழும். "வெருளி, உனக்கு வலிக்கிறதா?" என்று கேட்பார்கள். நான் மொழிபெயர்ப்பேன். மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்கள் சிரிக்கும்போது சேர்ந்து சிரித்தால் நான் வெருளி இல்லை என்று ஆகிவிடும் என்று ஒரு எண்ணம்.

உன்னை அவர்கள் கொஞ்சமாவது மதித்தது சமையலால்தான். முந்திய வருடத்து மான் இறைச்சி பெரிய குளிர்ப்பெட்டியில் கிடந்தது. முதலாளி அதைத் துண்டு துண்டாகப் பொரித்துச் செருப்புத்தோல் ஆக்கித் தின்பார். ஒருநாள் நீ பொறுக்கமுடியாமல் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாய். கொழுப்பு முழுவதையும் சீவி எறிந்தாய். "மான் கொழுப்பு ஆறினா மேல்வாயில மெழுகுதிரி. இதோட சமைக்கிறவன் சமையல்காரனில்ல" என்றாய். மேலே படர்ந்திருந்த வெள்ளைச் சவ்வை நகத்தால் உரித்தாய். தேங்காய்ப்பூவைக் கறுக்க வறுத்து, மிளகோடு அரைத்து, மூடிபோட்டு அடுப்பின் ஓரத்தில் மத்தியானம் முழுதும் வைத்தாய். தொடையிறைச்சியை நீள வார்ந்து அடுப்புப் புகையில் காயவைத்து, ஊரில் தேனில் போடுவதுபோல இங்கே மேப்பிள் மரத்துச் சர்க்கரைப் பாணியில் ஊறப்போட்டாய். வெருளியின் கறிக்காகவே மொன்றியலிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தட்டை வழித்துத் தின்றுவிட்டு உன் தோளில் தட்டுவார்கள், என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இதற்கு நல்ல பெயர் ஒன்றும் தேடமாட்டேன்.

கார்த்திகை பிறந்தது. உறைபனி விழுந்தபிறகு டேர்னிப் இனிக்கும், அதற்குத்தான் மான் வரும் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். ஐப்பசி முழுதும் பின்னேரங்களில் பத்துப் பன்னிரண்டு மான்கள் மாடுபோல நின்று மேய்ந்ததை நாங்களே கண்டோம். வேட்டை தொடங்கிய அன்று ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பரணில் இருந்தவர்கள் கால் விறைத்து இறங்கி வந்து, முதலாளியைக் கேலி பண்ணினார்கள். வேட்டைக்காரனுக்கு அதைவிட அவமானம் வேண்டுமா? மூன்றாம் நாள் மத்தியானம் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். வயலுக்கு என்ன நடந்தது என்று கண்டுபிடி, இல்லாவிட்டால் கடிதம் என்ற பேச்சை இரண்டு பேரும் மறந்துவிடுங்கள் என்றார்.

எனக்குத் தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. நேரே உன் கட்டிலடியில் பார்த்தேன். பை வெறுமையாகக் கிடந்தது. வயலோரப் பற்றைகளுக்குள் குனிந்து பார்த்தபோது, ஆள் கண்ணில் படாதபடி நிலத்தோடு பதிவாக, மான் வரும் தடமெல்லாம் பொட்டலங்கள். ஒன்றை அவிழ்த்தேன். சுருட்டை மயிர். எங்கள் ஏழு பேரில் சுருட்டைமயிர்க்காரன் நான் ஒருத்தன்தான்.

நீ விறகு கொத்திக்கொண்டிருந்தாய். பொட்டலத்தை உன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"உனக்கென்ன விசரே? கடிதம் தரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டான். உன்ர மனுசி பிள்ளையை எப்பிடிக் கூப்பிடப் போறாய்?"

"ரெண்டு கிழமதான மச்சான். சீசன் முடியட்டும். வயல் நல்லாத்தான கிடக்கு, நாம செஞ்ச வேலையில ஒரு குறையுமில்ல. மான் வராட்டி அதுக்கு நாம என்ன செய்யிற எண்டு சொல்லு."

"அதுகள் மான். மனுசர் இல்லை."

நீ கோடரியைக் குற்றியில் கொத்திவிட்டு அதன்மேல் கை வைத்துக்கொண்டாய்.

"தெரியும். என்ட தம்பிக்கு என்ன நடந்த எண்டு நான் உனக்குச் சொல்லல்ல. மா குடுக்கிறம், பள்ளிக்கூடத்துக்கு வாங்க எண்டு ஆமிக்காரன் ஒலிபெருக்கியில கூப்பிட்டான். ஊட்ட மூணு நாளாச் சமையலில்ல. நான்தான் அவன்ட கையில சாக்கக் குடுத்து அனுப்பின. மாவும் குடுத்தாங்க மச்சான். சாக்கு நிறையக் குடுத்துத்தான் பொடியன்மார வேறயா நிக்கச் சொன்னாங்க. சாக்குத் திரும்பி வந்த. அவன் வரல்ல. அந்த மாவ நாங்க ரொட்டி சுட்டுத் திண்ட."

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்று உனக்குச் சொல்லவேண்டும். பாவமாக இருந்தது, உண்மைதான். ஆனால் கூடவே, இவன் தன் தம்பிக்காக என் கடிதத்தைத் தொலைக்கப் பார்க்கிறானே என்ற கோபமும் வந்தது. உன் தம்பி எப்படியும் செத்துப்போனவன், எனக்கு விசாரணை இருக்கிறது. இப்படித்தான் நினைத்தேன். சரி மச்சான், நான் ஒருத்தரிடமும் சொல்லமாட்டேன் என்று உன் கையைப் பிடித்துச் சொன்னேன். நீ நம்பினாய்.

மறுநாள் காலை, எல்லாரும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, என் மயிரிருந்த பொட்டலத்தை மேசையில் வைத்தேன். யார் என்று முதலாளி கேட்டார். நீ அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டு முதுகு காட்டி நின்றாய். உன் முதுகைக் காட்டினேன்.

முதலாளி சத்தம் போடவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு பொட்டலமாக உன் கையாலேயே கழற்ற வைத்தார், அடுப்பில் போட வைத்தார். மயிர் கருகும் நாற்றம் அந்த வீட்டைவிட்டு இரண்டு நாள் போகவில்லை. மழை பெய்து வயலோரத்து வாடையைக் கழுவியது. பிறகு பனி கொட்டிக் காட்டில் இருந்த தீனியை மூடியது. பனியைக் காலால் விறாண்டி டேர்னிப் தின்ன மான்கள் திரும்பி வந்தன. அன்று பின்னேரம் முதலாளி உன்னைத் தன்னோடு பரணில் ஏற்றினார். "வெருளி என் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்" என்றார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். நான் வீட்டுக்குள் சூடாக இருந்து வெடிச்சத்தத்தைக் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் நீ கயிற்றில் மானை இழுத்துக்கொண்டு வந்தாய். பெட்டை மான். பனியில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு வந்தது. அதன் வாயில் டேர்னிப் இலை பாதி மென்றபடி இருந்தது.

உரித்தாய். சமைத்தாய். ஏன் உப்பை அள்ளிப் போடவில்லை, ஏன் கருக்கிவிடவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். நீ சமைத்ததிலேயே ஆகச் சிறந்த கறி அதுதான். அவர்கள் கைதட்டினார்கள். நீ எல்லாருக்கும் பரிமாறி, கடைசியாக எனக்கும் போட்டாய். நான் தின்றேன். இரண்டாம் தரமும் தட்டை நீட்டினேன். "போதுமா?" என்று கேட்டாய்.

சாப்பாடு முடிந்ததும் முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டு, நீ நல்ல விவசாயி, நல்ல சமையல்காரன், ஆனால் நம்பக்கூடிய வேலையாள் இல்லை, நாளைக்குப் போய்விடு, கடிதம் இல்லை என்றார். உனக்குச் சொன்னேன். நீ என் கண்ணைப் பார்த்து, "இது அவர் சொன்னதா, நீ சொல்றதா?" என்று கேட்டாய்.

"அவர் சொன்னது" என்றேன்.

எனக்குக் கடிதம் கிடைத்தது. அழகான கடிதம். உண்மையும் விசுவாசமும் உள்ளவன் என்று எழுதியிருந்தார். அடுத்த வருடமே என் வழக்கு முடிந்தது. உன் வழக்கு நாலு வருடம் இழுபட்டது. ஊரில் சண்டை மறுபடி மூண்டபோது உன் மனைவி பிள்ளையோடு காட்டுக்குள் ஒளிந்திருந்து, காய்ச்சலில் மருந்தில்லாமல் போய்ச் சேர்ந்தாள். செய்தியைக் கேட்டபோது நான் கலியாணம் கட்டிப் புது வீடு பார்த்துக்கொண்டிருந்தேன். கடிதம் இருந்தால் அவள் அதற்கு முன்பே வந்திருப்பாளா, வராமலும் போயிருக்கலாமா என்று பலதரம் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறேன். எப்படிப் போட்டாலும் எனக்குச் சாதகமாக வரவில்லை. உன் மகள் மட்டும் ஒரு மாமியோடு மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கினாள். நான் வரவேற்க வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

அதற்குப் பிறகு உன்னை நேருக்கு நேர் சந்தித்தது ஒரே ஒருதரம். லவாலில் ஆற்றங்கரைப் பூங்காவில் உங்கள் ஊர்க்காரரின் கோடை ஒன்றுகூடல். என் மனைவிக்குத் தெரிந்தவர்கள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். புல்வெளி, சுற்றிலும் மரங்கள், பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள், வரிசையில் கடுதாசித் தட்டோடு நான். அகப்பையோடு நீ. தலை நரைத்து, மெலிந்து போயிருந்தாய். வரிசையை விட்டு விலகலாமா என்று யோசிப்பதற்குள் என் முறை வந்துவிட்டது. நீ சோறு போட்டாய், கறி போட்டாய், தட்டு வளையுமட்டும் போட்டாய். பிறகு என் தோளுக்கு மேலால் மரங்களைப் பார்த்துவிட்டு, மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாய்:

"பயப்படாமச் சாப்பிடு மச்சான். இஞ்ச ஒருத்தரும் சுடமாட்டாங்க."

கையை ஓங்கி அடித்திருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அந்தச் சோற்றைக் குப்பைத்தொட்டியில் கொட்டக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தேன். அன்று நீ எனக்குச் செய்தது கொடுமை. நான் உனக்குச் செய்ததற்கு அது கால்வாசியும் ஆகாது என்பது வேறு விஷயம். உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இன்னும் இருக்கிறது. செத்தவன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். எனக்கு அது கைவரவில்லை.

ஒன்பது நாளைக்கு முன் உன் முப்பத்தோராம் நாள். உன் மகளே தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வருகிறேனா என்று இரண்டுதரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். லவாலில் அவள் வீடு, பின்பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் புல்லும் ஊசியிலை மரங்களும். என்னை அந்தக் கதவுக்குப் பக்கத்து மேசையில் இருத்தினாள். அவளுக்கு உன் கண், உன் கை. தட்டில் நீ போடுவதுபோலவே போட்டாள்.

"மெர்சி அங்கிள், வந்ததுக்கு. நீங்கதானே அப்பாவோட அந்தக் காணியில வேல செஞ்ச? அப்பா ஆஸ்பத்திரியில சொன்னாரு, 'அவன் வருவான், வந்தா நல்லாப் பாத்துச் சாப்பாடு போடு' எண்டு. வேற யாரப் பத்தியும் அப்பிடிச் சொல்லல்ல" என்றாள். சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள், நான் சாப்பிடுவதைப் பார்க்க. அவளுக்கு ஒன்றும் தெரியாது. நீ சொல்லவில்லை. அன்பில் சொல்லாமல் விட்டாயா, என்னையே சொல்லவைக்க விட்டுப்போனாயா என்று எனக்குத் தெரியாது.

அவளுக்கு நான் சொல்லவில்லை. "அப்பா நல்ல வயல்காரன், மகள்" என்று மட்டும் சொன்னேன். முதல் கவளத்தைப் பிசைந்தேன். வாய்க்குக் கொண்டுபோகுமுன் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பி, மரங்களை ஒருதரம் பார்த்தேன்.

"என்ன அங்கிள், யாரும் நிக்கிறாங்களா?" என்று உன் மகளும் எட்டிப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன். லவால் பூங்காவுக்குப் பிறகு எந்த வீட்டில், எந்தக் கை எனக்குச் சோறு போட்டாலும் அப்படிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன், மச்சான். என் மனைவி போட்டாலும்தான்.